சாயங்காலக் கறவைக்கு முன்னால்

ஆஸ்திரேலியாவில் எங்கள் தெற்கு கிப்ஸ்லாந்து மலைப்பக்கத்தில் பால்மாடு வைத்திருப்பவன் வீட்டுக் கல்யாணம் என்றால் காலை பதினோரு மணிக்குத்தான். அதற்கு முன்னால் வைத்தால் கறவை முடித்துக் கைகழுவி வர ஆளிருக்காது. அதற்குப் பின்னால் வைத்தால் சாயங்காலக் கறவைக்காகப் பாதி விருந்திலேயே நாற்காலிகள் காலியாகிவிடும். லாய்டுக்கும் நெரிடாவுக்கும் அப்படித்தான் நடந்தது. கேக்கை வெட்டிய கையோடு மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் வீசிவிட்டு மாடு கறக்கப் போனான். மணப்பெண் வெள்ளை கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கன்றுகளுக்குப் பால் ஊற்றினாள். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. உன் கல்யாணத்தன்று நீ என்ன செய்தாய் என்று சிரிக்கிறவனைக் கேட்டால் அவன் கதையும் அதேதான்.

அப்படிப்பட்ட லாய்ட் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடியே, "சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவமா?" என்றான்.

நெரிடா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு செத்தது?"

"யாரும் சாகலை. சும்மாத்தான்."

"சும்மாவா? நீயா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

"ஏன், நான் என் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் வெளிய போகக்கூடாதா?"

"போகலாம், போகலாம். இத்தனை வருஷத்துல அது உனக்கு ஞாபகம் வந்துச்சே, அதுதான் ஆச்சரியம்."

வாயில் அப்படிச் சொன்னாலும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அவர்கள் முகம் கொடுத்துப் பேசியே நாளாகியிருந்தது. குளிர்காலத்தில் லாய்டின் இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தொடங்கிய சண்டை அது. மாடுகளை விற்றுவிடலாம் என்றான் அவன். வடக்கே ஆற்றோரத்தில் ஒருத்தன் மந்தை முழுவதையும் அப்படியே கேட்கிறான் என்றான். நெரிடா முடியாது என்றாள். ஆள் வைத்துக்கொள்ளலாம், மாட்டைக் குறைக்கலாம், நாளைக்கு ஒரு வேளை மட்டும் கறக்கலாம், விற்கமட்டும் முடியாது. மாடுகள் அவன் பேரில்தான் இருந்தன, அவன் அப்பன் பேரிலிருந்து வந்தவை. ஆனால் அதில் ஒவ்வொன்றும் கன்றாக இருந்தபோது அவள் விரலைச் சப்பித்தான் பால் குடிக்கப் பழகியது. பெயர் வைத்தது அவள். எதற்கு எந்தக் காம்பு வீங்கும், எது இடியோசைக்கு மிரளும், எது முதல் வரிசையில் வராவிட்டால் கோபித்துக்கொண்டு பாலை அடக்கும் என்று தெரிந்தது அவளுக்கு. லாய்டுக்குக் காதில் தொங்கும் நம்பர்தான் தெரியும்.

கடைசியில் ஒரு நாள் அவன், "சரி, விடு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். தான் ஜெயித்துவிட்டதாக நெரிடா நினைத்தாள். இந்தக் கடற்கரைப் பயணம் சமாதானக்கொடி என்று எடுத்துக்கொண்டாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை விடியக்காலை இருவரும் கறவைக் குழியில் இறங்கினார்கள். குழிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். தலைக்கு மேலே இருபக்கமும் மாடுகளின் பின்னங்கால்கள். வழக்கமாக லாய்ட் ரேடியோவைப் போட்டுவிட்டு வாயைத் திறக்கமாட்டான். அன்றைக்கு ரேடியோவைப் போடவில்லை. ஒரு மாட்டின் காம்பைத் துடைத்துக்கொண்டே, "இது பேரென்ன?" என்று கேட்டான்.

"எது? கொம்பு வளைஞ்சதா? அது மேடம்."

"மேடமா?"

"முன்னால ஒருத்தியும் நடக்கக்கூடாது அவளுக்கு. அதான். அதை எட்டு வருஷமா கறக்குறே, இப்பதான் பேரு கேக்குறியாக்கும்."

"சும்மா கேட்டேன்."

இன்னும் இரண்டு மூன்றுக்கும் கேட்டான். நெரிடா சந்தோஷமாகச் சொன்னாள். மனுஷன் மாறிவிட்டான் என்று நினைத்தாள். அவனைப் பார்த்து இளித்தது இப்போதும் அவளுக்கு ஞாபகமிருக்கிறது, அந்த இளிப்பை நினைத்தால்தான் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கறவை முடிந்து கொட்டகையைக் கழுவியதும் லாய்ட் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல் நின்றான். கிளம்பு, கிளம்பு என்று வாசலிலிருந்தே கத்தினான். அவள் கன்றுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கும் விடவில்லை. வண்டியை எடுத்தவன் தார்ரோட்டுப் பக்கம் திரும்பாமல் மலைமேல் சுற்றிப்போகும் மண்ரோட்டில் ஏற்றினான்.

"இதுல ஏன் போறே? முதுகு கழண்டுடும்."

"அங்க ரோடு வேலை நடக்குது."

"யார் சொன்னா?"

"வின்ஸ் சொன்னான்."

வின்ஸ் அடுத்த பண்ணைக்காரன். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நெரிடா சாய்ந்து உட்கார்ந்தாள். கோடை முடிந்து முதல் மழை பெய்திருந்தது. காய்ந்த மலைச்சரிவெல்லாம் அடியில் பச்சை விட்டிருந்தது. மற்றவர்கள் கடற்கரைக்குப் போகும்போது எதைப் பார்ப்பார்களோ தெரியாது, அவள் அடுத்தவன் மாட்டைப் பார்த்துக்கொண்டு போனாள். இவன் புல் கருகிவிட்டது, அவன் மாடு எலும்பு தெரிகிறது, இந்த வேலி இந்த மழைக்குத் தாங்காது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். லாய்ட் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான்.

வழியில் சின்ன ஊரில் பேக்கரியில் நிறுத்தினார்கள். வின்ஸின் பெண்டாட்டி ஜாய்ஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றாள். நெரிடாவைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் விடவில்லை.

"அடியே, நசுக்கிடாதே. என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லடி. நல்லா இருந்துட்டு வா. உனக்கு இது வேணும். எவ்வளவு உழைச்சிருப்பே."

"ஒரு நாளு கடலைப் பாக்கப் போறேன். சீமைக்கா போறேன்?"

ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். "அவளுக்கு மாதவிலக்கு நிக்கிற காலம்போல, தொட்டதுக்கெல்லாம் அழுவா," என்று வண்டியில் ஏறியதும் நெரிடா சொன்னாள். லாய்ட் உம் கொட்டக்கூட இல்லை.

கடற்கரை ஊரில் காற்று இருந்தாலும் வெயில் இதமாக இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கும் மாதமாதலால் கூட்டமில்லை. லாய்ட் மாவில் தோய்த்துப் பொரித்த சுறாத்துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவந்தான். காகிதப் பொட்டலத்தை மடியில் பிரித்துவைத்து, காடியைத் தாராளமாகத் தெளித்து, விரல் சுடச்சுடத் தின்றார்கள். கடல்காக்கைகள் சுற்றி நின்று சண்டை போட்டன. நெரிடா ஒற்றைக்கால் காக்கை ஒன்றுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

"இங்கயும் ஒரு நொண்டியைப் பிடிச்சுட்டியா?" என்றான் லாய்ட்.

"நொண்டிகளைப் பாத்துக்கத்தானே என்னைக் கட்டிக்கிட்டே."

அவன் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான். ஐஸ்கிரீம் வேண்டுமா என்றான். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கணுக்காலில் ரப்பர் பூட்ஸ் உராய்ந்து ரோமமே இல்லாமல் வழவழவென்று ஆகிப்போன காலை அலை வந்து தொட்டது. தண்ணீர் ஐஸாக இருந்தது. "வாடா கிழவா!" என்று கூப்பிட்டாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேண்ட்டை மடித்துவிட்டு வந்தான். இருவரும் கைபிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட்டால் வெட்கமாக இருக்கும், ஆனால் அந்த நேரம் அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். இடையில் லாய்டின் செல்போன் ஒருமுறை அடித்தது. அவன் மணல்மேட்டுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வந்தான். யாரென்று கேட்டதற்கு உரக்கடைக்காரன் என்றான்.

வெயில் சாய ஆரம்பித்தது. மாடு கறக்கிறவளுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. மதியம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். போ, போ என்னும். நெரிடா காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"கிளம்புவமா?"

"இரேன். இன்னொரு டீ குடிப்போம்."

"டீயா? மணி என்னாகுது தெரியுமா? மண்ரோட்டுல போனா நேரமாகும்."

"ஆகட்டும்."

நெரிடா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தன் தங்கை கல்யாணத்தில் மணப்பெண் கேக் வெட்டுவதற்குள் எழுந்துபோனவன். அப்பனைப் புதைத்த குழியில் மண் விழுந்துகொண்டிருக்கும்போதே சாவியைக் கையில் எடுத்தவன். கரண்ட் போன ராத்திரி டிராக்டரை ஓட்டிப் பம்பைச் சுற்றவைத்துக் கறந்தவன். அவன் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரூம் எடுத்திருக்கேன்," என்றான். "அந்தத் தெருமுனையில மோட்டல். இன்னிக்கு ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் போலாம். உன் நைட்டி, பல்லுப்பொடி எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

"கறவை?"

"வின்ஸ் பாத்துக்குவான்."

நெரிடா முதலில் சிரித்துவிட்டாள். "வின்ஸா? அவனுக்கு என்ன ரெண்டு உடம்பா? அவன் மாட்டை எவன் கறப்பான்?"

லாய்ட் காலடி மணலைக் கிளறினான். எங்கள் பக்கத்தில் பொய் சொல்லத் தெரியாதவன் யாருமில்லை. மழை அளவிலிருந்து மாட்டு விலைவரை அள்ளிவிடுவோம். ஆனால் அடுத்த பண்ணைக்காரன் வந்து என் மாட்டைக் கறப்பான் என்ற பொய்யை மட்டும் எவனும் சொல்லமாட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொருத்தன் கையும் அவனவன் மாட்டு மடியில் இருக்கும். பெண்டாட்டியிடம் பெரிய பொய் சொல்லிப் பழகாத லாய்ட், அகப்பட்ட பெயரைச் சொல்லிவிட்டான்.

நெரிடாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மண்ரோடு, ஜாய்ஸின் அழுகை, உரக்கடைக்காரன். எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்குப் புரிந்துபோனது.

"எப்ப வந்தாங்க?" என்றாள்.

"நெரிடா..."

"லாரி எப்ப வந்துச்சுன்னு கேட்டேன்."

"பத்து மணிக்கு. மூணு லாரி. வின்ஸ் நின்னு ஏத்திவிட்டான்."

"போன் பண்ணுனது?"

"எல்லாம் ஏறிடுச்சுன்னு சொன்னான். ஒண்ணும் விழலை, அடிபடலை."

அவள் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்தாள். ஒரு பெண் நாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டேரனுக்குத் தெரியுமா?" டேரன் அவர்கள் மகன். மேற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான்.

லாய்ட் தெரியும் என்று தலையை ஆட்டினான்.

"ஜாய்ஸுக்குத் தெரியும். வின்ஸுக்குத் தெரியும். சுரங்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியும். அப்ப தெரியாதது எனக்கும் மாட்டுக்கும் மட்டுந்தான்."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு. எங்கம்மா ஞாபகமிருக்கா உனக்கு? அப்பா பழைய மந்தையை வித்துட்டு வேற மாடு வாங்கினப்ப வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களே. வாரக்கணக்குல எந்திரிக்கலை. அவங்க அழுத சத்தத்தை இன்னிக்கும் என்னால மறக்க முடியலை. உன்னை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

"அப்ப உன் நல்லதுக்குன்னு சொல்லு. என் நல்லதுக்குன்னு சொல்லாதே."

"நான் இனிமே முடியாதவன் நெரிடா. காலையில கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கால் ஊணவே பயமா இருக்கு. நீ தூங்குறே, உனக்குத் தெரியாது."

"தெரியும். தூங்கினேனா? கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். நான் பாத்தா உனக்கு அவமானமா இருக்குமேன்னு." அவள் குரல் உயர்ந்தது. நாய்க்காரி திரும்பிப் பார்த்தாள். "விக்கவே கூடாதுன்னு நான் சாகிறவரைக்கும் நின்னிருப்பேன்னா நினைச்சே? நீ மறுபடி கேட்டிருக்கணும். நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அதுக்கப்புறமும் கேட்டிருக்கணும். தட்டை உடைச்சிருப்பேன், பேசாம கிடந்திருப்பேன், கடைசியில ஒரு நாள் சரின்னு சொல்லியிருப்பேன். அந்தச் சரி என்னோடது. அதைக் கேட்டு வாங்க உனக்குப் பொறுமையில்லை."

லாய்ட் கையைப் பிடிக்க வந்தான். அவள் விலக்கிக்கொண்டாள்.

"காலையில எதிர்ப்பக்கம் நின்னே. ஒண்ணொண்ணா பேரு கேட்டே. கடைசித் தடவைன்னு உனக்குத் தெரியும். நான் மேடத்தை, 'சீக்கிரம் போடி, கடலுக்குப் போகணும்'னு முதுகுல தட்டி அனுப்பினேன். அதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நின்னியே, எப்படிடா நின்னே?"

மனுஷன் அழுதான். நல்லவன்தான் லாய்ட், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லவன் செய்கிற கெடுதலுக்கு மருந்து கிடையாது. கெட்டவனாயிருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டாவது போகலாம்.

"வண்டியை எடு," என்றாள் நெரிடா.

திரும்பும்போது தார்ரோட்டிலேயே போனார்கள். ரோடு வேலை எங்கும் நடக்கவில்லை. எங்கள் மலைகளில் அந்த நேரம் யாரும் சொல்லாமலே மாடுகள் கிளம்பும். ஒவ்வொரு சரிவிலும் ஒற்றை வரிசையாக, மடி இருபக்கமும் ஆட, கொட்டகையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. நெரிடா பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் கண் கேட்கவில்லை. வடக்கே எவனோ ஒருத்தன் புதுக் கொட்டகையில் இந்நேரம் அவற்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பான். மேடத்துக்கு முன்னால் வேறொன்றை விடுவான். பால் அடக்கினால் அடிப்பான். அவன் கெட்டவனாக இருக்கவேண்டியதில்லை, தெரியாது, அவ்வளவுதான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒவ்வொன்றுக்கும் சொல்லி அனுப்பியிருப்பாள். அதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

லாய்ட் ஒருமுறை, "அவன் நல்லா பாத்துக்குவான். புல்லு நிறைய இருக்கு, தண்ணி பாயுது," என்றான். அவள் கண்ணாடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வந்தது. பேக்கரி மூடியிருந்தது.

பண்ணை வாசலில் கதவைத் திறக்க நெரிடாதான் இறங்கினாள். வண்டிப்பாதை முழுக்க லாரிச்சக்கரம் ஆழமாகப் பதிந்திருந்தது. சாணி புதிதாகக் கிடந்தது. மேய்ச்சல் நிலம் வெறிச்சென்றிருந்தது. கடைசிவரை நம்பாத ஏதோ ஒன்று அவளுக்குள் இருந்திருக்கிறது போலும், அதைக் கண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், சத்தம் போட்டு அழுதாள். அவன் எதைக் கேட்கக்கூடாது என்று இத்தனை ஏற்பாடு செய்தானோ, அதை வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு மாடு கத்தியது.

நெரிடா நிமிர்ந்தாள். மறுபடி கத்தியது. தொண்டை கிழிந்து, கரகரத்து, பாதியில் உடைந்த கத்தல். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தால்தான் அப்படி ஆகும்.

லாய்ட் இறங்கி நொண்டிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் பயத்தோடு ஒரு சின்ன ஆசையும் இருந்தது. "ஒண்ணை மட்டும் அனுப்பலை," என்றான். "பிளாசம். சாதுவான மாடு. வீட்டுப் பாலுக்கு ஆச்சு, உனக்கும் துணையா இருக்கும். நாளைக்கு வந்ததும் காட்டலாம்னு இருந்தேன்."

அவள் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். பிளாசம் கொட்டகை முற்றத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. வேலியோரமாகவே நடந்து நடந்து மண்ணைச் சேறாக்கிவிட்டிருந்தது. பக்கத்தில் போட்ட வைக்கோலைத் தொடவில்லை. வாயோரம் நுரை. மடி முட்டிக் காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. நெரிடாவைக் கண்டு ஓடிவந்தது. வந்து, மோந்து பார்த்துவிட்டு, அவளைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக் கத்தியது.

நெரிடா கடற்கரைக்குப் போட்டுப்போன துணியோடு குந்தி உட்கார்ந்தாள். பால் சேர்க்கும் தொட்டியும் அதை எடுக்க வரும் டேங்கர் லாரியும் இனி இல்லை. கையாலேயே கறந்து தரையில் விட்டாள். பால் சிமெண்ட்டில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. மாடு நடுங்கிக்கொண்டே நின்றது. லாய்ட் கம்பிக்கு வெளியே நின்றான்.

"ஒத்தையா நிக்கிற மாடு எப்படிக் கத்தும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள், தலையைத் தூக்காமல். "மாட்டோட பொறந்து மாட்டோட வளர்ந்தவன்தானே நீ?"

"உனக்காகத்தான் கண்ணு..."

"தெரியும். எனக்காகத்தான்."

நான்கு காம்பும் வற்றியதும் எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிளாசம் மறுபடி வேலியோரமாக நடக்க ஆரம்பித்தது.

"அந்த லாரிக்காரனுக்குப் போன் பண்ணு. நாளைக்கு வந்து இதையும் ஏத்திக்கிட்டுப் போகட்டும். மத்ததோட சேத்து விடச் சொல்லு."

"நெரிடா, நிஜமாவா சொல்றே? இது ஒண்ணாவது..."

"ஏத்துறப்ப நான் இங்க நிப்பேன். எல்லாத்தையும் பாப்பேன்." அவள் அவனைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். நடந்தவள் நின்று திரும்பினாள்.

"நீ வேணும்னா அந்நேரத்துக்கு எங்கயாவது ஊர் சுத்திட்டு வா."